ஹெஸ்டருக்கு வேண்டியவர்

எழுத்தாளர் இறந்த பிறகு பிறக்கிற ஓர் இனம் இருக்கிறது. 'எழுத்தாளருக்கு வேண்டியவர்' என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வோம். இவர் எழுத்தாளரின் உறவினர் அல்லர். உறவினர்கள் சொத்தைப் பிரித்துக்கொண்டதும் மறந்துவிடுகிறவர்கள். நண்பரும் அல்லர், ஒரு நூற்றாண்டு பிந்திப் பிறந்துவிட்டார். அப்படியானால் வாசகரா? அவசரப்படாதீர்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுத வேண்டியிருக்கிறது.

இவரை அடையாளம் காண்பது சுலபம். செத்துப்போன எழுத்தாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதுவும், பக்கத்து அறையில் தலைவலியோடு படுத்திருக்கும் மைத்துனியைப் பற்றிச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு. எழுத்தாளர் காலையில் என்ன சாப்பிட்டார், எந்தச் செருப்பு அவரைக் கடித்தது, எந்த அத்தையோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, எந்த மருத்துவர் தப்பான மருந்து கொடுத்தார் என்பதெல்லாம் இவருக்குத் தலைகீழ்ப் பாடம். எழுத்தாளர் என்ன எழுதினார்? அது ஊரறிந்த விஷயமாயிற்றே. ஊரறிந்ததை இவர் வேறு தனியாக அறிய வேண்டுமா?

எங்கள் யார்க்‌ஷயர் மலைச்சரிவில், கார்ஸ்டேல் என்ற சிற்றூரில், இந்த இனத்தின் குறையற்ற மாதிரி ஒருவர் இருக்கிறார். திரு ரோட்னி ஆப்பிள்கார்த். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஹெஸ்டர் வின்ஸ்லேட் கழகத்தின் தலைவர். ஹெஸ்டர் வின்ஸ்லேட், விக்டோரியா ராணி காலத்தில் கார்ஸ்டேல் பாதிரியாரின் மகளாகப் பிறந்து, 'கல்பாலத்துக்கு அப்பால்' என்ற பெரிய நாவல் ஒன்றையும் சின்ன நாவல்கள் இரண்டையும் எழுதிவிட்டு, இருமி இருமி இளவயதிலேயே போய்ச் சேர்ந்தவர். அவர் வாழ்ந்த வீடு இப்போது நினைவு இல்லம். அதன் சாவி, ஒரு சாண் நீளமுள்ள, கறுத்துப்போன இரும்புச் சாவி, ஆப்பிள்கார்த்தின் இடுப்பில் தொங்குகிறது. கதவில் என்னவோ எண்களை அழுத்தித் திறக்கும் புதுப் பூட்டுதான் இருக்கிறது. இருந்தால் என்ன? கழகத் தலைவர் யாரோ அவர் இடுப்பில்தான் அந்தச் சாவி தொங்கும் என்பது மரபு. செங்கோலால் யாராவது கதவைத் திறக்கிறார்களா?

நினைவு இல்லத்துக்கு யார் வந்தாலும் ஆப்பிள்கார்த்தே சுற்றிக் காட்டுவார். சுற்றிக் காட்டுவது என்றால், ஹெஸ்டரின் சோபா, ஹெஸ்டரின் குடை, கண்ணாடிப் பெட்டிக்குள் ஹெஸ்டரின் ஒரு கற்றை முடி, ஹெஸ்டர் கைப்படக் கிண்டி எவரும் திறந்து பார்க்கத் துணியாத ஒரு சாடி பிளம் பழ ஜாம், எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று ஒரு பெருமூச்சு விட்டு, பிறகு மாடிப்படியின் கீழே வந்து, கைப்பிடிக் கட்டையைத் தடவி, எப்போதும் சொல்லும் அந்த வாக்கியத்தைச் சொல்வது.

"இந்தப் படியில ஒரு தடவை ஏறி இறங்காதவங்க ஹெஸ்டரைப் புரிஞ்சுக்கவே முடியாது."

வந்தவர்கள் ஏறுவார்கள். இறங்குவார்கள். புரிந்துவிட்ட முகத்தோடு வெளியே போவார்கள். ஒரு மனத்தைப் புரிந்துகொள்ள முழங்கால் போதும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

நாவலை அவர் படிக்கவே இல்லை என்று சொன்னால் அது அவதூறு. பள்ளிக்கூடத்தில் படித்தார். ஆற்றில் வெள்ளம் வரும் இடம் வரைக்கும் படித்தார். பிறகு அம்மைக்கட்டு வந்து தாடை வீங்கியது; வீக்கம் வடிவதற்குள் வகுப்பு வேறு புத்தகத்துக்குப் போய்விட்டது. பின்னாளில் தொலைக்காட்சியில் அதைத் தொடராக எடுத்தார்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார். பார்த்ததும் படித்ததும் சேர்ந்து, கண்காட்சியில் வாங்கிய குவளையில் நாவலின் பெயரோடு அச்சிட்டிருந்த முதல் வாக்கியமும் சேர்ந்து, மனத்துக்குள் ஒரு முழுப் புத்தகமாகிவிட்டது. ஆகவே அவர் பொய் சொல்கிறவர் அல்லர். பொய் சொல்வதற்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். அவர் அதைவிடப் பாதுகாப்பான இடத்தில் இருந்தார்.

அந்தத் தொடரின் கடைசிக் காட்சியில், தேவாலயத்துத் தோட்டத்து முதிய மரத்தின் கீழே, கதாநாயகி தபிதாவுக்கும் கதாநாயகன் எட்மண்டுக்கும் கல்யாணம். தொடர் முடிந்த மறுவாரமே ஆப்பிள்கார்த் கார்ஸ்டேல் தேவாலயத் தோட்டத்தில் அந்த மரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. அங்கே இருந்ததே ஒரு மரம்தான். 'தபிதாவும் எட்மண்டும் மணந்த மரம்' என்று பலகை அடித்தார். அன்றிலிருந்து இங்கிலாந்தின் நாலு மூலையிலிருந்தும் காதலர்கள் வந்து, தேவாலயத்துக்குள்ளே முறைப்படி மணந்து, வெளியே மரத்தடியில் ஒரு முறை முத்தமிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கூரை ஒழுகிக்கொண்டிருந்த தேவாலயத்துக்குப் புதுக் கூரை வந்தது. நெட் ஹிக்கல்டனின் ரொட்டிக்கடையில் மூன்றடுக்குக் கல்யாண கேக் மட்டுமே தனி வியாபாரம் ஆயிற்று. ஊரில் மரத்தைக் கும்பிடாதது ஒன்றுதான் பாக்கி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஊருக்கு மொய்ரா கிரேக் என்ற பல் மருத்துவர் ஸ்காட்லாந்திலிருந்து குடிவந்தார். கழகத்தில் சேர்ந்தார். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. படிப்பார்.

வசந்த காலத்துக் கூட்டத்தில், நினைவு இல்லத்துச் சமையலறையில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர்தான் தொடங்கினார்.

"தலைவரே, ஒரு சந்தேகம். ஹெஸ்டர் ரெண்டாவது நாவல் எழுதறப்போ பல்வலின்னு சொன்னீங்களே, எந்தப் பல்லு?"

"மேல் வரிசை. இடது பக்கம். கடைவாய்ப்பல்." ஆப்பிள்கார்த் கண் சிமிட்டவில்லை.

"அடேயப்பா! என் நாற்காலியில வந்து உக்காந்தவங்க பல்லே எனக்கு இவ்வளவு ஞாபகம் இருக்காது. சரி, அந்த வலியோட எழுதின அத்தியாயம் எப்படி இருக்கும்?"

"வலியோட இருக்கும்."

நெட் ஹிக்கல்டன் தொடையில் தட்டிச் சிரித்தார். மொய்ராவும் சிரித்தார். ஆனால் விடவில்லை.

"இந்த வருஷம் தலைவர் தேர்தல்ல நானும் நிக்கலாம்னு இருக்கேன். பெரிசா ஒண்ணுமில்ல. மாசத்துக்கு ஒரு அத்தியாயம் எல்லாரும் படிச்சுட்டு வருவோம், உக்காந்து பேசுவோம். அவ்வளவுதான்."

சமையலறையில் ஒரு பிஸ்கட் முறிகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"எல்லாருமா?" என்றார் நெட்.

"எல்லாரும்தான். அப்புறம் தலைவரே, பிறந்தநாள் விருந்துல வருஷா வருஷம் முதல் பக்கத்தையே வாசிக்கிறீங்களாமே. அதுக்கப்புறமும் பக்கம் இருக்கில்ல?"

ஹெஸ்டரின் பிறந்தநாளையொட்டிய ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்தில், கழகத்திடமுள்ள முதற்பதிப்பைத் தலைவர் கையில் எடுத்து வாசிப்பதும், அதன்பின் தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் கார்ஸ்டேல் வழக்கம். வாசிப்பது முதல் பக்கம், தேர்வாவது ஆப்பிள்கார்த். இரண்டும் மாறியதே இல்லை. இப்போது இரண்டின் மேலும் ஒரே நேரத்தில் கை வைத்தால் மனிதன் என்ன செய்வான்? ரோஷப்படுவான்.

"இந்த வருஷம் கல்யாணப் பக்கத்தை வாசிக்கப் போறேன்," என்றார் ஆப்பிள்கார்த். "மரத்தடிக் கல்யாணம். முந்தின நாள் நம்ம மரத்துக்கிட்ட கல்யாணம் பண்ணிக்கிற ஜோடியையும் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கு."

கூப்பிட்டிருக்கவில்லை. ஆனால் சொன்னபோதே கூப்பிட்டுவிட்டதாகத் தோன்றியது.

மொய்ராவின் கோப்பை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "கல்யாணப் பக்கமா? நிச்சயமா?"

"ஏம்மா, ஹெஸ்டரைப் பத்தி என்கிட்டயே நிச்சயமான்னு கேக்கறீங்களா?"

"ஐயோ, இல்ல இல்ல. படிங்க. கட்டாயம் படிங்க. நான் முன்வரிசையில உக்காந்து கேக்கறேன்."

ஸ்காட்லாந்துக்காரி பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு ஆப்பிள்கார்த் வீட்டுக்கு நடந்தார். பாதி வழியில் அந்தத் தெம்பு கரைந்தது. தேர்தல் என்ற ஒன்று நடந்தால் அதில் தோற்கவும் முடியும் என்பது அதுவரை அவருக்கு உறைத்ததில்லை. சாவி போய்விட்டால்? சந்தைத் தெருவில் யார் அவரை நிறுத்திப் பேசுவார்கள்? காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தவரை அவர் வருகிறார் என்றால் எதிர்ப்பக்கம் போனவர்கள்தானே எல்லோரும்? ஹெஸ்டர் வந்த பிறகு அல்லவா, அவர் வாயைத் திறந்தால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்?

"சாவி போச்சுன்னா நான் யாரு, மேவிஸ்?" என்று மனைவியிடம் கேட்டார்.

மேவிஸ் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "ரோட்னி ஆப்பிள்கார்த்."

"அதைத்தான் சொல்றேன்," என்றார் அவர், துக்கத்தோடு.

மேவிஸைப் பற்றி ஊருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. கணவர் ஹெஸ்டருக்காக வெளியே போய்விடும் சாயங்காலங்களில் அவளுக்கு வீட்டில் ஹெஸ்டரைத் தவிர வேறு துணை இல்லை. மூன்று நாவல்களையும் படித்திருந்தாள். பெரியதை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. கணவரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

விருந்தன்று காலையில் அவர் முதற்பதிப்பை அவள் முன்னால் வைத்தார். "அந்த மரத்தடிப் பக்கம் எங்கே வருது, கொஞ்சம் பாரு. என் கண்ணாடி எங்கேயோ வெச்சுட்டேன்."

கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது. மேவிஸ் தேடாமலே பக்கத்தைத் திறந்து ஒரு நாடாவை வைத்தாள். "இந்தா. போறதுக்கு முந்தி நீயே ஒருதரம் படிச்சிடு, ரோட்னி."

"யாருக்குச் சொல்றே? எனக்கா?"

"உனக்குத்தான்."

அவர் படிக்க உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கண்ணில் சாவி பட்டது. இன்றைக்கு அத்தனை பேர் பார்ப்பார்களே, கொஞ்சம் துடைத்தால் என்ன? துடைத்தார். துடைத்து முடிக்கவும் புறப்படவும் நேரம் சரியாக இருந்தது.

தேவாலயத்துக் கூடத்தில் ஆட்டு இறைச்சி வறுவலும் புதினாச் சாறும் மணத்தன. தலைமேசையில் லீட்ஸிலிருந்து வந்த புதுமணத் தம்பதி, ஸ்டேஸியும் லியாமும், முந்தின நாள் கல்யாணக் களை கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். இலவசச் சாப்பாடு என்பதால் லியாம் இரண்டாவது தட்டையும் காலி செய்திருந்தான். ஆப்பிள்கார்த் எழுந்தார். தொண்டையைச் செருமினார். நாடா இருந்த பக்கத்தைத் திறந்து, தேவாலய மணியோசை கேட்கும்போது நாம் வைத்துக்கொள்வோமே, அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு வாசித்தார்.

"'மழை விட்டும் தூவானம் விடவில்லை. மரத்தடியில் எட்மண்ட் காத்திருந்தான். தபிதா வருவதைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான். அவன் நீட்டிய உள்ளங்கையில் மோதிரம் இருந்தது.'"

ஸ்டேஸி லியாமின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ கைக்குட்டையைத் தேடினார்கள். ஆப்பிள்கார்த்தின் குரல் ஏறியது.

"'தபிதா மோதிரத்தைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். எட்மண்ட், உன் வீட்டில் எனக்கென்று ஒரு நாற்காலி செய்து வைத்திருக்கிறாய். அதன் மேல் தூசு படாமல் பார்த்துக்கொள்கிறாய். அதில் உட்காரப் போகிறவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு நாளாவது கேட்டாயா? எனக்கு வேண்டாம் என்றாள்.'"

அந்த 'வேண்டாம்' அவர் வாயிலிருந்து மங்கல வாத்தியம் போல முழங்கி வந்தது. கூடம் முழுதும் எதிரொலித்த பிறகே அதன் பொருள் அவருக்குத் திரும்பி வந்து சேர்ந்தது.

"வேண்டாமா?" என்றாள் ஸ்டேஸி. "என்ன வேண்டாம்?"

"மோதிரம் வேண்டாமாம்," என்றான் லியாம், மென்றுகொண்டே.

"ஏய், நேத்து அந்த மரத்தடியிலதானேடா நாம நின்னோம்! ஜோடி சேர்ந்த மரம்னு நீதானே சொன்னே!"

"பலகையில போட்டிருந்துச்சுடி. நானா எழுதினேன்?"

வாசகரே, இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனிதர் என்ன செய்வார்? எனக்கும் தெரியாது, நேர்மையான மனிதர்கள் இந்த இடம் வரைக்கும் வந்து சேர்வதில்லை. ஆப்பிள்கார்த் மேவிஸைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவியைத் தொட்டார். பிறகு கண்ணைப் புத்தகத்தில் பதித்துக்கொண்டு, ஹெஸ்டர் வின்ஸ்லேட் எத்தனை காய்ச்சலில் கிடந்தபோதும் எழுதியிராத ஒரு வாக்கியத்தை வாசித்தார்.

"'சில அடி நடந்த தபிதா நின்றாள், திரும்பினாள், ஓடோடி வந்து, சரி எட்மண்ட், கல்யாணத்தை வைத்துக்கொள்வோம் என்றாள்.'"

கூடம் மூச்சு விட்டது. கைதட்டல் எழுந்தது. அதற்கு நடுவில் மொய்ரா எழுந்து நின்றார். அவர் மடியில் அதே நாவலின் மலிவுப் பதிப்பு விரிந்து கிடந்தது.

"தலைவரே, அந்தக் கடைசி வரி எந்தப் பக்கத்துல இருக்கு?"

"வரிகளுக்கு நடுவுல இருக்கு."

"அவ திரும்பலைங்க. பாலத்தைத் தாண்டிப் போயிட்டா. அதுக்காகத்தானே அவ்வளவு பெரிய புஸ்தகம்! பேரே 'கல்பாலத்துக்கு அப்பால்'. உங்க எல்லார் வீட்டுக் குவளையிலயும் எழுதியிருக்கே!"

இவ்வளவு பெரிய உண்மையை இவ்வளவு சுருக்கமாக அந்தக் கூடத்தில் யாரும் சொன்னதில்லை. அதனால் அவருக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். ஒரு பக்கம் புதுப்பெண் மூக்கை உறிஞ்சுகிறாள். மறுபக்கம் பாதிரியார் தலையை உயர்த்திக் கூரையைப் பார்க்கிறார். நெட் ஹிக்கல்டன் மேசையில் கையை ஊன்றி எழுந்தார்.

"ஏம்மா மொய்ரா, நல்ல நாளும் அதுவுமா, சின்னஞ்சிறுசுங்க முன்னாடி பேசற பேச்சா இது? அந்தப் பொண்ணு மனசு மாறியிருக்கக் கூடாதா? எழுதினவங்க பாவம், நோயாளி. எழுத விட்டுப் போயிருக்கும்."

"அத்தியாயம் முழுக்க எழுதியிருக்காங்க, நெட்."

"அப்ப சும்மாவே இரேன். எங்க பல்லை நீ புடுங்கறே, நாங்க வாயைத் தொறந்து காட்டறோம். கதையையும் புடுங்கணுமா?"

சிரிப்பு அடங்குவதற்குள் தேர்தலை வைத்தார்கள். ஆப்பிள்கார்த்துக்கு என்றதும் கைகள் காடுபோல் உயர்ந்தன. மரத்துக்காகத் தூக்கியவர்கள் சிலர். மாதம் ஓர் அத்தியாயம் என்ற அச்சத்தில் தூக்கியவர்களே மிகுதி. ஒரு கழகம் தன் தலைவரிடம் அறிவை எதிர்பார்ப்பதில்லை. தன் அறியாமைக்குக் காவலாக ஒருவர் கௌரவமாக நின்றால் போதும் என்கிறது. ஸ்டேஸிக்கு வாக்கு இல்லை. இருந்தும் இரண்டு கையையும் தூக்கினாள்.

மொய்ராவுக்கு என்றபோது இரண்டே கைகள். ஒன்று மொய்ராவுடையது. மற்றது எது என்று திரும்பிப் பார்த்த ஆப்பிள்கார்த்துக்கு அந்தக் கையிலிருந்த மோதிரம் பழக்கமானதாகத் தெரிந்தது. அவர் வாங்கிப் போட்டதுதான்.

மதிய மழையில் இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

"ஏன் மேவிஸ்?" என்றார் ஆப்பிள்கார்த்.

"நீ தோத்துட்டேன்னா வீட்டுல உக்காந்து அதைப் படிச்சு முடிப்பேன்னு ஒரு நப்பாசை. வேற ஒண்ணுமில்ல."

"நீ படிச்சிருக்கியா?"

"நாடா எங்கே வைக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்னு நினைச்சே?"

அவர் இன்னும் சிறிது தூரம் நடந்தார். குடையிலிருந்து நீர் சொட்டியது. பிறகு, இத்தனை ஆண்டுகளில் ஹெஸ்டரைப் பற்றி அவர் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டார். குரலைத் தாழ்த்தக்கூட மறந்துபோனார்.

"பாலத்தைத் தாண்டி அவ எங்கே போனா?"

மேவிஸ் நின்றாள். கணவரை அப்படி அவள் பார்த்து வெகு நாளாகியிருந்தது. "புஸ்தகம் உன் கையிலதானே இருக்கு?"

இருந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றி, கோட்டுக்குள் செருகி, கைக்குழந்தையைப் போல அணைத்து வைத்திருந்தார். ஒரு கணம் அவர் கை பையின் வாயைத் தொட்டது. நானும் இதை எழுதும்போது ஒரு கணம் நம்பினேன்.

"முதற்பதிப்பு, மேவிஸ். ஈரம் ஆகாது," என்றார். "தவிர, நாளைக்குப் பலகை வேலை இருக்கு."

பலகை மறுநாளே மாறிவிட்டது. 'தபிதா மனம் மாறிய மரம்' என்று இருக்கிறது இப்போது. முன்னைவிடக் கூட்டம் அதிகம். ஒருமுறை மறுக்கப்பட்ட காதலர்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். விருந்தில் ஆப்பிள்கார்த் சேர்த்த வாக்கியம் சுற்றுலாக் கையேட்டில் ஹெஸ்டரின் பெயரில் அச்சாகியிருக்கிறது. மொய்ரா கிரேக் கழகத்திலிருந்து விலகிவிட்டார். வியாழக்கிழமைகளில் மேவிஸ் அவர் வீட்டுக்குப் போகிறாள். பல்லுக்காக என்று ஊர் நினைக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் ஊரில் மரம் இல்லை, கழகம் இல்லை, உங்களுக்கு இதில் என்ன? ஒன்றே ஒன்று சொல்லுங்கள். ஓர் எழுத்தாளரின் பெயர் பேச்சில் வந்ததும், "பாவம், கடைசிக் காலத்துல ரொம்பக் கஷ்டப்பட்டார்" என்று பெருமூச்சு விட்டு, அத்தோடு இலக்கியத்தை முடித்துக்கொண்டதே இல்லையா? அவர் வறுமையைச் சொல்லத் தெரிந்த அளவுக்கு அவர் வரி ஒன்றைச் சொல்லத் தெரியாமல், சட்டென்று வானிலைக்கு மாறியதில்லையா? இல்லை என்றால் உங்களை வணங்குகிறேன். அது கிடக்கட்டும், இதை எழுதியது யார், எந்த ஊர், என்ன வேலை, கல்யாணம் ஆயிற்றா என்று இதற்குள் விசாரிக்கத் தோன்றிவிட்டதா?

தோன்றியிருந்தால் கார்ஸ்டேலுக்கு எழுதிப் போடுங்கள். கழகத்தில் ஓர் இடம் காலியாகத்தான் இருக்கிறது.